மணல் மூட்டைகளின் ரயில்

டெஸ் கர்னோவின் ஆக்சிஜன் சிலிண்டரைப் பிளாட்பாரத்திலேயே திருப்பி அனுப்பியவள் நான்தான். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

ஜனவரி மாதம், திங்கட்கிழமை. புரோக்கன் ஹில்லிலிருந்து சிட்னிக்கு எங்கள் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான். காலை ஏழே முக்காலுக்குப் புறப்பட்டு இருட்டிய பிறகு போய்ச் சேரும். அதில் பத்தொன்பது வருடமாக நான் பயணிகள் உதவியாளர். டிக்கெட் பார்ப்பது, தேநீர் கொடுப்பது, இறைச்சி அடைத்த மீட் பை சூடாக்குவது, கழிவறை அடைத்துக்கொண்டால் குச்சியோடு போவது எல்லாம் நான். டிரைவர் ராக்கோ டாசோனே. மூன்று பெட்டிகள், மூன்றும் என் மகளைவிட மூத்தவை. பெட்டிக்கு ஒன்றாக அடியில் எஞ்சின் உண்டு. அன்று காலையே அதில் ஒன்று செத்துக் கிடந்தது.

"ரெண்டு ஓடுதுல்ல, அது போதும்ங்கறான் டிப்போக்காரன்" என்றான் ராக்கோ. "அவனா ஓட்டப் போறான்? டெல்வின், ஐஸ் நிறைய ஏத்திக்க. இன்னைக்கு நாப்பத்தாறு டிகிரியாம்."

டிக்கெட் அறைச் சுவரில் புதிய ரயிலின் படம் இருந்தது. ஒட்டி எட்டு வருடம் ஆகிறது. ஒரு தேர்தலில் அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். அடுத்த தேர்தலில் அதே பணத்தை இன்னொரு முறை ஒதுக்கினார்கள். வெயிலில் வெளுத்து வெளுத்து, படத்தில் இப்போது ஜன்னல்கள் மட்டும்தான் தெரியும். முதல் ரயில் கப்பலில் வந்து இறங்கிவிட்டது, எங்கள் பாதையிலேயே சோதனை ஓட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தோம். கண்ணால் பார்த்ததில்லை.

டெஸ்ஸும் அவர் மனைவி வால்டாவும் முதல் ஆளாக வந்து நின்றார்கள். டெஸ்ஸுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருடம் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். கல்தூசி படிந்து நுரையீரல் தோல் மாதிரி தடித்துவிட்டது. மூக்கில் குழாய், தோளில் கைப்பெட்டி அளவுக்கு ஓர் ஆக்சிஜன் இயந்திரம். விமானத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலே காற்று மெலிந்துவிடும். பதினாலு மணி நேரம் காரில் உட்காரவும் அவரால் ஆகாது. ரயில்தான் வழி. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு சிட்னியில் ஒரு பெரிய டாக்டர் அவரைப் பார்த்து, மாற்று நுரையீரலுக்கான பட்டியலில் சேர்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்கு முன் இரண்டு தடவை நாள் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் ரயில் ரத்து. பதிலுக்கு விட்ட பஸ்ஸில் இயந்திரத்தைச் சொருக இடமில்லை. மூன்றாவதும் தவறினால் மறுபடி வரிசையின் வாலிலிருந்து வரவேண்டும். அறுபத்தைந்து தாண்டினால் வரிசையே கிடையாது.

அவர்களுடைய மருமகன் ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் அதற்கான சான்றுத் தாளைக் கேட்டேன்.

"இதோ இருக்கே" என்றாள் வால்டா.

"இதுல கொடுத்தவங்க கையெழுத்து இல்லைங்களே. கையெழுத்து இல்லாம சிலிண்டரை உள்ள விட முடியாதுங்க."

"நேத்து ஞாயித்துக்கிழமை. கடையே இல்ல. யார்கிட்டப் போய் வாங்கறது?"

"சீட்டுக்குப் பக்கத்துலயே பிளக் பாயிண்ட் இருக்குங்க. சொருகிட்டா சிட்னி வரைக்கும் ஓடும். ரெண்டு பேட்டரி வேற வச்சிருக்கீங்க."

வால்டா வாயைத் திறந்தாள். டெஸ் அவள் முழங்கையைத் தொட்டார்.

"விடு, வால்டா. வயித்துப் பொழப்பு. அந்தப் பொண்ணு வேலைக்கு உலை வைக்காத."

மருமகன் சிலிண்டரை மறுபடி காரில் ஏற்றுவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அப்போது உறுத்தவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று இருந்தது.

மெனிண்டி ஸ்டேஷனைத் தாண்டும்வரை நன்றாகவே போனோம். டெஸ் பேசப் பிரியப்பட்டவர். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுப்பார்.

"தூசிக்குள்ள நான் குடியிருந்தேன், கண்ணு... இப்ப தூசி எனக்குள்ள குடியிருக்கு. காலி பண்ணுன்னா... கேக்க மாட்டேங்குது."

"ரொம்பப் பேசாதீங்க" என்றாள் வால்டா.

"நாப்பது வருஷமா இதே பாட்டு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பத்தேகால் மணிக்கு வண்டி குலுங்கியது. இன்னொரு எஞ்சின் இருமுவது காலுக்கடியில் கேட்டது. அங்கே டார்லிப்பா என்று ஒரு சைடிங் உண்டு. ஊர் இல்லை, நிழல் இல்லை; ஒரு பெயர்ப்பலகையும் தண்ணீர் இல்லாத ஒரு தொட்டியும்தான். எங்களுடையது ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டி அந்த மாதிரி சைடிங்கில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிடும். அன்றும் ஒன்று ஒதுங்கி நின்றது. ராக்கோ அதன் பக்கம் வரை வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். அங்கே எங்கள் எஞ்சின் இரண்டும் நின்றன. விளக்கு போயிற்று. குளிர்சாதனம் கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

பக்கத்தில் நின்றது புதிய ரயில்.

கைநீட்டினால் தொடலாம் போல இருந்தது. மேலே தூசிகூட ஒட்டியிருக்கவில்லை. எல்லோரும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. ஒவ்வொரு சீட்டிலும் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு மணல் மூட்டை உட்கார்ந்திருந்தது. பயணிகளின் எடைக்குப் பதில் அப்படி வைத்துத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். கண்ணாடியின் உள்பக்கம் குளிரில் லேசாக வியர்த்திருந்தது.

கெல் என்று ஒருவன் எங்கள் வண்டியில் அடிக்கடி வருவான், ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பவன். அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சொன்னான்: "பொறந்தா மணலாப் பொறக்கணும்யா. ஏசில ஆளுக்கொரு சீட்டு போட்டு உக்காந்து போறானுங்க பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நாற்பத்தொரு பயணிகள். அப்போது சிரிக்க முடிந்தது.

ராக்கோ ரேடியோவில் கண்ட்ரோல் அறையைப் பிடித்தான். உதவிக்கு வரும் எஞ்சின் பார்க்ஸிலிருந்து புறப்பட வேண்டும், ஏழு மணி நேரம் ஆகும் என்றார்கள். போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. எங்கள் ஜன்னல்கள் திறக்காதவை. கதவுகளைத் திறந்து வைத்தோம்; உள்ளே வந்தது காற்றில்லை, அடுப்பு வாய். ஈக்களும் வந்தன. இரண்டு ரயில்களுக்கும் நடுவே கோடு மாதிரி ஒரு நிழல் இருந்தது. குழந்தை வைத்திருந்தவர்களை அங்கே ஜல்லிமேல் உட்கார வைத்தேன். வெயில் ஏற ஏற அந்த நிழலும் அவர்கள் மடியிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து பாதத்துக்கு நழுவியது.

டெஸ்ஸின் பிளக் பாயிண்டில் மின்சாரம் இல்லை. இயந்திரம் பேட்டரியில் ஓடியது. ஒரு பேட்டரி ஒன்றே முக்கால் மணி நேரம் வரும் என்றாள் வால்டா. கணக்கு எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. இரண்டும் சேர்த்தாலும் மூன்றரை மணி நேரம்.

புதிய ரயிலில் மூன்று பேர்தான் இருந்தார்கள். டிரைவர் ஹோனி, நியூசிலாந்துக்காரன். முன்பு ராக்கோவிடம் வேலை பழகியவன். அளவுக் கருவிகளோடு ஒரு டெக்னீஷியன். எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் கிரேம் லிட்கார்ட், நாற்பது வயதிருக்கும், ஆரஞ்சுச் சட்டை. ராக்கோ இறங்கிப் போய் அவரிடம் பேசினான். நானும் போனேன்.

"எங்க ஆளுங்களை உள்ள உக்கார வைங்க சார். வண்டியை நகர்த்தக்கூட வேணாம். சும்மா நிழலுக்கு."

"முடியாதுங்க" என்றார் லிட்கார்ட். குரலில் அதட்டல் இல்லை. "இதுக்கு இன்னும் சான்று வரல. பயணி ஒருத்தர் கால் வச்சாலே இந்தச் சோதனை செல்லாது. மறுபடி முதல்ல இருந்து. ஆறு மாசம் தள்ளிப் போயிடும்."

"நாலு வருஷம் தள்ளிப் போச்சு. ஆறு மாசத்துக்கு அழறீங்களா?" என்றான் ராக்கோ.

"நான் முடிவு பண்றதில்ல. மேல கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

மேலே கேட்டார்தான். அதையும் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும், கூட்டம் நடக்கிறது, காத்திருங்கள் என்றே வந்தது.

பன்னிரண்டு மணிக்கு முதல் பேட்டரி தீர்ந்தது. வால்டா இரண்டாவதை மாட்டினாள். அப்போதுதான் ஹோனி தன் ஜன்னல் வழியாக ஒரு நீள ஒயரை எங்கள் கதவுக்கு எறிந்தான்.

"ஒயர் பயணி இல்லைல்ல?" என்று லிட்கார்டைப் பார்த்துக் கேட்டான். லிட்கார்ட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இயந்திரத்தைச் சொருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. வால்டா என் கையைப் பிடித்து அமுக்கினாள். பிழைத்தோம் என்றே நினைத்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இயந்திரம் கத்த ஆரம்பித்தது. சூடேறிவிட்டது. எங்கள் பெட்டிக்குள் நாற்பத்தெட்டு டிகிரி. அது தாங்கக்கூடியது நாற்பதுதான். ஈரத்துண்டு சுற்றினேன். ஐஸ் பையை மேலே வைத்தேன். கால் மணி ஓடும், மறுபடி கத்தும், நிற்கும். காலையில் ஏற்றிய ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. வண்டியின் அவசரப் பெட்டியில் ஒரு குட்டி சிலிண்டர் உண்டு. அதை டெஸ்ஸின் குழாயில் மாட்டித் திறந்தேன். முள் பாதிக்குக் கீழே இருந்தது. இருபது நிமிடத்துக்கு வரும்.

டெஸ் பேச்சை நிறுத்தியிருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்து, தோளால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் மாட்டியிருந்த கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கு எண்பத்தொன்று என்று காட்டியது. பிறகு எழுபத்தெட்டு.

வால்டா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"காலைல அந்தச் சிலிண்டரை நீதானே திருப்பி அனுப்பின?"

"ஆமாங்க."

"அது அஞ்சு மணி நேரம் வரும்."

அவள் மறுபடி டெஸ்ஸின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  

ராக்கோ ஓடி வந்தான். கண்ட்ரோலில் இருந்து, விமானத்தில் வந்து வைத்தியம் பார்க்கும் பறக்கும் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். டார்லிப்பாவில் மணல், விமானம் இறங்காது. ஐவன்ஹோவில் ஓடுதளம் இருக்கிறது, இரண்டு மணிக்கு அங்கே வந்துவிடுவார்கள். ஐவன்ஹோ கிழக்கே தொண்ணூறு கிலோமீட்டர். புதிய ரயில் அங்கிருந்துதான் வந்திருந்தது. இரண்டு முனையிலும் ஓட்டலாம். எதிரே பாதை காலி.

நான் மறுபடி லிட்கார்டிடம் போனேன். விமானத்தைச் சொன்னேன். சிலிண்டரில் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றேன்.

"இதோ, மறுபடி கேக்கறேன்" என்று ரேடியோவை எடுத்தார். 

என்ன நினைத்தேன் என்று விசாரணையில் என்னைக் கேட்டார்கள். எதுவும் நினைக்கவில்லை. திரும்பி வந்து கெல்லைக் கூப்பிட்டேன், ராக்கோவைக் கூப்பிட்டேன். ஸ்ட்ரெச்சரை எடுத்து டெஸ்ஸை அதில் சாய்த்தோம். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. வால்டா முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். எங்கள் படியிலிருந்து இறக்கி, ஜல்லியைக் கடந்து, புதிய ரயிலின் மூடிய கதவுக்கு முன்னால் வெயிலில் வைத்தோம். நான் என் தொப்பியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். மற்றப் பயணிகளும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து சுற்றி நின்றார்கள். 

"ஏன் இங்க கொண்டு வந்தீங்க?" என்றார் லிட்கார்ட். "அவரை வெயில்ல ஏன்..."

"சார், உங்களுக்கு ஒரு கையெழுத்து குறையுது. அவ்வளவுதானே?" என்றேன். "காலைல எனக்கும் ஒரு கையெழுத்துதான் குறைஞ்சுது. அதுக்காகத்தான் இவரோட சிலிண்டரைத் திருப்பி அனுப்பினேன். இப்ப பாருங்க."

அவர் பார்த்தார். டெஸ்ஸின் உதடு ஈயம் மாதிரி இருந்தது. குட்டி சிலிண்டரின் சீறல் மெலிந்து நின்றது.

கதவு திறந்தது.

திறந்தவன் ஹோனி. மேலே தன் அறையிலிருந்து பொத்தானை அழுத்திவிட்டு, அவனே நடைக்கு வந்து நின்றான்.

"டேய் ஹோனி, யோசிச்சுக்க" என்றான் ராக்கோ.

"யோசிச்சா மறுபடி மூடிடுவேன் அண்ணே. தூக்குங்க."

உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. ஆனால் படுக்கவைக்க இடம் இல்லை. எல்லாச் சீட்டிலும் மூட்டை, நடைபாதையிலும் மூட்டை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் எடை. கெல் ஒரு மூட்டையை ஆட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டி வெளியே தள்ளினான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். பிளாஸ்டிக் கிழிந்து மணல் புதிய தரை முழுக்கச் சிந்தியது. டெஸ்ஸை ஒரு சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். இயந்திரத்தைக் குளிர்காற்று வரும் துவாரத்தில் வைத்தேன். சொருகினேன். கத்தியது. எடுத்தேன். மறுபடி சொருகினேன். கத்தியது.

அதன் சூடு தணிய எடுத்த ஏழு நிமிடம் அவருக்கு ஆக்சிஜன் எதுவுமே இல்லை. வால்டா அவர் நெற்றியோடு தன் நெற்றியை வைத்துக்கொண்டு, "உள்ள... வெளிய... உள்ள... வெளிய..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அறுபத்தாறு. அறுபத்து மூன்று. அவர் கண்கள் செருகின. நான் மண்டியிட்டு இயந்திரத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தேன். யாரை வேண்டுவது என்று தெரியாமல் அந்த இயந்திரத்தையே வேண்டினேன்.

அது ஓட ஆரம்பித்தபோது முதலில் யாரும் நம்பவில்லை. எழுபது. எழுபத்து நாலு. வால்டா அப்போதும் "உள்ள, வெளிய" என்பதை நிறுத்தவில்லை.

இதற்குள் மற்றவர்களும் ஏறிவிட்டார்கள். மூட்டைகளுக்கு நடுவிலும் மேலேயும் உட்கார்ந்தார்கள். லிட்கார்ட் கடைசியாக ஏறினார். தரையில் சிந்திய மணலை, கிழிந்த பிளாஸ்டிக்கை, ஒரு குழந்தை கண்ணாடியில் வைத்த கைச்சுவட்டைப் பார்த்தார். நாலு வருட வேலை. பிறகு ரேடியோவை எடுத்தார்.

"சோதனையை நிறுத்திட்டு ஐவன்ஹோவுக்குத் திரும்பறோம். வழி கொடுங்க."

"என்ன காரணம்?" என்றது கண்ட்ரோல்.

"எடை மாறிப் போச்சு."

"எவ்வளவு?"

அவர் என்னையும் சேர்த்து எங்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். "நாப்பத்திரண்டு ஆள் எடை."

 பிறகு, "வழி கொடுத்தாச்சு" என்று ஒரு பெண் குரல் வந்தது. அவள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராக்கோ மட்டும் ஏறவில்லை. டிரைவர் தன் வண்டியை விட்டு வரக்கூடாது. இரண்டு தண்ணீர் பாட்டிலோடு அந்தச் செத்த வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் நகர்ந்தபோது கையை மட்டும் தூக்கினான்.

ஐம்பது நிமிடத்தில் ஐவன்ஹோ. விமானம் ஏற்கெனவே வந்து நின்றது. நர்ஸ் டெஸ்ஸின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "அடிலெய்டு" என்று பைலட்டிடம் சொன்னாள். தாழப் பறக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

"சிட்னிக்குக் கொண்டு போக முடியாதா?" வால்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு ஒம்பது மணிக்கு அங்க இருக்கணும். லிஸ்ட்ல பேர் சேக்கணும். இது மூணாவது தடவை. தயவு பண்ணுங்கம்மா."

"அவ்வளவு தூரம் இவர் தாங்க மாட்டாரும்மா. முதல்ல இன்னைக்கு ராத்திரியைத் தாண்டட்டும்."

மேற்கே பறந்தது விமானம். இவ்வளவு தூரம் கிழக்கே கொண்டுவந்து சேர்த்தோம். அவரை மேற்கேதான் கொண்டுபோனார்கள்.

அன்றைய ராத்திரியை அவர் தாண்டினார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிட்னியிலிருந்து புதிய தேதி போட்டு ஒரு கடிதம் வந்தது. அடுத்த வாரமே இன்னொன்று வந்தது: இப்போதைய உடல்நிலையில் இவரைப் பட்டியலுக்குப் பரிசீலிக்க இயலாது.

விசாரணை பிப்ரவரியில். லிட்கார்ட் எழுதிக் கொடுத்தது இரண்டு வரி: 'நான் அனுமதி கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை.' இரண்டும் உண்மை. அவரைத் தலைநகரத்துக்கு மாற்றினார்கள். ஹோனிக்கு ரயில் ஓட்டும் உரிமம் போயிற்று. இப்போது கோதுமை லாரி ஓட்டுகிறான். சோதனை முதலிலிருந்து தொடங்கியது.

என் அறிக்கையில் நான் சிலிண்டரைப் பற்றியும் எழுதினேன். விசாரித்த அதிகாரி அந்தப் பத்தியில் பேனாவை வைத்தார்.

"இதை யாரும் கேக்கலையேம்மா. இது வேணுமா? நீங்க விதிப்படிதான் செஞ்சிருக்கீங்க. உங்களுக்கு நீங்களே குழி தோண்டிக்காதீங்க."

"இருக்கட்டுங்க" என்றேன்.

அதற்காக எனக்கு எந்தத் தண்டனையும் இல்லை. கதவு முன்னால் ஸ்ட்ரெச்சரை வைத்ததற்குத்தான் ஆறு வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மே மாதம் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெரு முனை வரை வந்து இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறேன். அன்று வால்டா துணி காயப்போட வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அங்கயே நிக்கப் போறியா?" என்றாள்.

டெஸ் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பாதியாகிவிட்டார். இப்போது வீட்டு மூலையில் பெரிய இயந்திரம், அவர் காலடியில் சுருண்ட நீளக் குழாய். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சிரித்தார்.

"அந்த வண்டி..." ஒரு மூச்சு. "எப்படி இருந்துச்சு? நான்தான்... முதல் பயணி. ஒண்ணுமே... பாக்கல."

நான் அவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். ஜன்னல்கள் எவ்வளவு பெரியவை, சீட்டுத் துணி என்ன நிறம், வேகம் எடுக்கும்போது தேநீர்க் கோப்பை ஆடாது. பாதி எனக்கே சரியாக நினைவில்லை. அன்று நான் எங்கே அதையெல்லாம் பார்த்தேன்? ஆனாலும் சொன்னேன். கெல் மூட்டையை உருட்டியதைச் சொன்னபோது அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா மூச்சுத் திணறலா என்று தெரியாமல் நிறுத்தினேன். மேலே சொல் என்பதுபோல விரலை அசைத்தார். என் கதையில் ஐவன்ஹோ வருவதற்குள் தூங்கிவிட்டார்.

வால்டா வாசல்வரை வந்தாள்.

"நான் உன்னை மன்னிக்கலை" என்றாள். "இப்ப மட்டுமில்ல, இனிமேலும் முடியுமான்னு தெரியல. தெரிஞ்சுக்க."

"சரிங்க."

"ஆனா அவர் யார்கிட்டயும் இவ்வளவு நேரம் முகம் கொடுத்து இருக்கறதில்ல. வியாழக்கிழமை லீவா உனக்கு?"

"ஆமாங்க."

"அப்ப வியாழக்கிழமை வா. ரெண்டு மணிக்கு மேல வா, அதுவரைக்கும் நர்ஸ் இருப்பா."

நாலு வியாழக்கிழமைகள் போனேன். ஐந்தாவது வியாழனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, அதிகாலையில், நாற்காலியிலேயே அவர் போய்விட்டார். வால்டா எனக்குப் போன் செய்து, அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் போட ஆள் போதவில்லை, வந்துவிடு என்று மட்டும் சொன்னாள். போனேன்.